உன்னாண்ட இன்னா கீது?

அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். நன்றி, வெட்கம் எல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வந்து சேரும். இத்தனை நடந்த பிறகும் எரிச்சல் முந்திக்கொள்கிறதே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வரும். ஆனால் அவனோடு மூன்று வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அவன் எந்த இடத்திலும் எதையும் நேராகக் கேட்க மாட்டான். முதலில், "உன்னாண்ட இன்னா இன்னா கீது?" என்பான். எதிராளி முழுப் பட்டியலையும் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பான். அதற்கப்புறம்தான் தனக்கு வேண்டியதைச் சொல்வான். அது பெரும்பாலும் எல்லோருக்கும் முன்னமே தெரிந்த ஒன்றாகத்தான் இருக்கும். இதனால் அலுவலகத்தில் அவனுக்குப் 'பட்டியல்' என்று பெயர். பெயரை வைத்தவன் நான்தான்.

அந்தப் பழக்கத்தை நான் மதிக்காததால், என் தங்கை ஏழு மாதக் குழந்தையோடு ஒரு கீழ்வீட்டில் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவன் எப்படிப்பட்ட கழுத்தறுப்பு என்று தெரியாவிட்டால், நான் செய்தது வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். முட்டாள்தனம்தான். இருந்தாலும் என் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆறு பேர். கீழே இரும்பைக் கடையும் சத்தத்தில் மேலே எங்கள் டீ கிளாஸ் அதிரும். மதியம் எதிரே இருக்கும் மெஸ்ஸுக்குப் போவோம். அங்கே பரிமாறுகிறவர் வந்து நின்றதும் நாங்கள் ஐந்து பேரும் "சாப்பாடு" என்போம். அவன் மட்டும், "அண்ணாத்தே, இன்னா இன்னா கீது?" என்பான். அவர் சாப்பாடு, சாம்பார் சாதம், தயிர் சாதம், சப்பாத்தி, தோசை, ஆம்லெட், மீன் வறுவல் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அவன் கண்ணை மூடிக் கேட்பான். முடிந்ததும், "ஒரு சாப்பாடு" என்பான். மூன்று வருடம், தினமும். ஒரு நாள் அவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"டெய்லி இதே சோத்தத்தான துன்ற நைனா? அப்பால என் வாய ஏன் வலிக்க வெக்கற?"

"கீறது தெரிஞ்சாத்தான் அண்ணாத்தே வேண்டியதக் கேக்க முடியும்."

"உனுக்கு வேண்டியது சோறு. அது தெரியாதா?"

"சோறு இன்னிக்கு கீதான்னு எனுக்கு எப்டி தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருமுறை என் பைக் கள்ளிக்குப்பம் பக்கம் நின்றுவிட்டது. அவன் வீடு அங்கேதான் என்பதால் போன் செய்தேன். உடனே வந்தான், அதில் குறை சொல்ல முடியாது. இருவரும் தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போனோம். நான் வாயைத் திறக்குமுன் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"தலைவரே, உன்னாண்ட ஸ்பேரு இன்னா இன்னா கீது?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். "வண்டிக்கு இன்னா ஆச்சுன்னு சொல்லுப்பா மொதல்ல."

"அது இர்க்கட்டும். பிளக்கு கீதா? கேபிளு? பெட்ரோல் டியூபு?"

"நீ இன்னா, கடைய வெலைக்கு வாங்க வந்துகீறியா?"

கடைசியில் வண்டிக்கு வேண்டியிருந்தது பிளக். அவரிடம் அது இல்லை. இல்லை என்பது தெரியாமல் இருந்திருந்தால் அவர் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் கையை விரித்திருப்பார் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தான். சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வெயிலில் வண்டியைத் தள்ளுகிறவனிடம் சரியாகப் பேசக் கூடாது.

இன்னொரு நாள் ஆபீஸ் பையன் ஒருவனின் கல்யாணம். பந்திக்கு முந்து என்று எல்லோரும் இடம் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவன் பாயசம் வருமா, வடை ஒன்றா இரண்டா, அப்பளம் எப்போது என்று பரிமாறுகிறவர்களைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தான். அவன் சாதத்தில் கை வைக்கும்போது இந்தப் பக்கம் நாங்கள் இலையை மடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த பந்திக்காரர் ஒருவர் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். நான் வேறு யாரோ மாதிரி கை கழுவப் போய்விட்டேன்.

வேலையிலும் இதே கதைதான். எங்கள் தொழிலை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். வரைபடங்களை ஒவ்வொருவர் ஒவ்வொரு சர்வரில் வைத்திருப்பார்கள். ஒருவரிடம் தெருக்கள் இருக்கும், இன்னொருவரிடம் கால்வாய்கள், வேறொருவரிடம் ஏரிகள். நாங்கள் அவற்றை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பிரவுசரில் ஒரே படமாகக் காட்டுவோம். அந்த சர்வர்களிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். 'இந்த இடத்துப் படத்தைக் கொடு' என்று கேட்டால் படத்தைக் கொடுக்கும். 'உன்னிடம் என்னென்ன இருக்கிறது' என்று கேட்டால் தன்னைப் பற்றிய நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுக்கும். என்னென்ன படங்கள், அவற்றின் பெயர் என்ன, எந்த எல்லை வரைக்கும் இருக்கிறது, எவ்வளவு கிட்டப் போகும் வரை வரைந்து கொடுப்பேன், அதற்கு மேல் கிட்டப் போனால் கொடுக்க மாட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

படம் வேண்டியவன் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். படத்தின் பெயர் ஒருமுறை தெரிந்துவிட்டால் அதை எங்கள் கணினி நிரலில் எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அவன் செய்ய மாட்டான். அவன் எழுதும் எந்த இணையப் பக்கமும் திறந்தவுடன் முதல் வேலையாக ஒவ்வொரு சர்வரிடமும் போய்ப் பட்டியல் கேட்கும். தினமும், ஒவ்வொரு முறையும்.

"நேத்துதானேடா பட்டியலப் பாத்தோம்?" என்றால், "நேத்து கீதுன்னு சொன்னது இன்னிக்கும் கீதான்னு உனுக்கு எப்டி தெரியும் மச்சான்?" என்பான்.

இதில் இன்னொரு தலைவலி உண்டு. பிரவுசர் ஒரு மாதிரியான காவல்காரன். வேறொரு சர்வரிலிருந்து படம் வந்தால் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடும். பட்டியல் வந்தால், அனுப்புகிறவன் அனுமதி எழுதிக் கொடுத்திருந்தால் தவிர, நம் பக்கத்தை அதைப் படிக்க விடாது. ஏரிப் படம் வைத்திருந்த சர்வர் அப்படி எந்த அனுமதியும் தரவில்லை. படம் வந்தது, பட்டியல் வரவில்லை. யாராக இருந்தாலும் படம் வருகிறதே என்று விட்டுவிடுவார்கள். இவன் எங்கள் சர்வரிலேயே ஒரு சின்ன இடைத்தரகனை எழுதினான். அது போய் அங்கே பட்டியலை வாங்கி வந்து எங்கள் பக்கத்திடம் கொடுக்கும். அதற்கு நான்கு நாட்கள். அந்த நான்கு நாளும் நான் அவனுக்குப் பின்னால் போய் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், முதுகாண்ட ஆவி அடிக்குது. போய் குந்து," என்றான்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது மழைக்காலத்துக்கான ஒரு இணையப் பக்கம். இந்தப் பக்கத்து ஊர்களில் வேலை செய்யும் ஒரு தன்னார்வக் குழுவுக்காக. ஒருவர் தன் தெருவின் பெயரைத் தட்டினால் படம் நேராக அந்தத் தெருவுக்குப் போய்க் கிட்டத்தில் நிற்கும். கனமழையில் தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால், ஏரிப் படத்திலிருந்து நீலம் வந்து அதன் மேல் தெரியும். மழை தொடங்குமுன் முடித்துக் கொடுக்க வேண்டும். குழுவின் பொறுப்பாளர் அம்மா ஒருவர் பார்க்க வந்தார். நான் பக்கத்தைத் திறந்தேன். நடுவில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஏரி சர்வரின் பட்டியல் அவ்வளவு பெரியது, முழுதும் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகும். இணையப் பக்கத்தில் அது ஒரு யுகம்.

"இன்னாங்க இது, சுத்திக்கினே கீது," என்றார் அந்த அம்மா. "இது தொறக்கறதுக்குள்ள மழ வந்துட்டுப் பூடும் போலகீதே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அவர் போனதும் பட்டியல் கேட்கும் பகுதியை முழுதாக எடுக்கப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுக்கறதுன்னா எடு. இன்னாத்துக்கு வெச்சேன்னு மேலயே எழுதிகீறேன். படிச்சிட்டு எடு."

"சரி, சரி."

படிக்கவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே முதலாளிக்கு ஒரு கடிதமும் எழுதினேன், இவனை வைத்துக்கொண்டு எந்த வேலையையும் தேதிக்குள் முடிக்க முடியாது என்று. எழுதும்போது கொஞ்சம்கூட உறுத்தவில்லை. மாதக் கடைசியில் அவனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள் தன் எவர்சில்வர் டம்ளரைப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"மச்சான், என்னாண்ட சொல்றதுக்கு உன்னாண்ட எதுனா கீதா?"

கடிதம் எழுதியது நான் என்று அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ஒண்ணும் இல்லடா," என்றேன்.

"செரி," என்றான். படி இறங்கும்போது கீழே லேத் பட்டறைக்காரரிடம் ஏதோ கேட்கும் குரல் வந்தது. என்ன கேட்டிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பாடா என்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்து என் தங்கை போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார். குவார்ட்டர்ஸ் கிடைக்கத் தாமதம் ஆனதால் கோவில்பதாகையில் ஒரு கீழ்வீடு பார்த்திருந்தார்கள். காற்றோட்டமான வீடு, வாடகையும் பரவாயில்லை. மாடியில் வீட்டின் சொந்தக்காரர்களான வயதான தம்பதி.

"அண்ணா, நீதான் தண்ணி எங்க நிக்கும்னு படம் பண்றியே. இந்தத் தெருவ கொஞ்சம் பாத்துச் சொல்லேன். கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு பயமா இருக்கு."

தெருவின் பெயரைத் தட்டினேன். படம் நேராகப் போய் அந்தத் தெருவில் நின்றது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வீடுகள் தெரிந்தன, ஒரு வாசலில் மாமரம்கூடத் தெரிந்தது. ஒரு சொட்டு நீலம் இல்லை.

"சுத்தமா இருக்கு. தைரியமா போ," என்றேன்.

போனாள். பால் காய்ச்சினாள். நானும் போய்ப் பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மழை வந்த வருடங்களைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த வருடமும் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். குரலே சரியாக இல்லை.

"அண்ணா, தெருல தண்ணி ஓடுது. வாசப்படி மூணுல ரெண்டு முங்கிடுச்சு. அவரு நைட் ஷிப்ட் போனவரு, ரோடு அடைச்சிட்டாங்கன்னு அங்கயே நிக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

நான் இருப்பது பட்டாபிராமில், இரண்டாவது மாடியில். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முனை தாண்டுவதற்குள் சைலன்சர் வரை தண்ணீர், வண்டி நின்றுவிட்டது. ரயிலும் ஓடவில்லை. நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தேன், எந்த வழியாகவாவது போக முடியுமா என்று பார்க்க. வழி தேடுவதற்காகப் படத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன்.

நீலம் வந்தது. கோவில்பதாகையில் அவள் தெருவின் மேல், அந்த வீட்டின் மேல், மாமரத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் நீலம்.

கிட்டப் போனேன். நீலம் இல்லை. பின்னால் வந்தேன். நீலம். மறுபடி கிட்டப் போனேன். இல்லை. எத்தனை முறை அப்படிப் போய்ப் போய் வந்தேன் என்று ஞாபகமில்லை.

பழைய நிரல் எங்கேயும் போய்விடாது. யார் எந்த வரியை எடுத்தார்கள் என்ற கணக்கோடு பத்திரமாக இருக்கும். தேடிப் பார்த்தேன். எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். எடுத்த வரிகளுக்கு மேலே அவன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தான்:

'ஏரி படம் ரொம்ப கிட்ட போனா வராது. பட்டியல்ல சொல்லிகீறான். அப்ப வெறும் படம்தான் வரும். வெறும் படம்னா தண்ணி இல்லன்னு அர்த்தம் இல்ல. ஜனங்க ஏமாந்துருவாங்க. இத எடுக்காத மச்சான்.'

சர்வர் திட்டியிருக்கலாம். தவறு என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல், கேட்டதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு வெற்றுப் படத்தை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வெறுமையை நான் பத்திரம் என்று படித்து, கூடப் பிறந்தவளைக் குழந்தையோடு அதற்குள் குடி வைத்துவிட்டேன். அவன் எழுதிய நிரல் பட்டியலைப் படித்து, 'இவ்வளவு கிட்டத்தில் ஏரிப் படம் வராது, பின்னால் போய்ப் பாருங்கள்' என்று ஒரு வரி காட்டும். அந்த வரியும் சேர்ந்துதான் அழிந்திருந்தது.

நான் அவனுக்குப் போன் செய்தேன். உதவி கேட்க என்று சொன்னால் பொய். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது, அவன் பெயர்தான் முதலில் கைக்கு வந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியும்னா வாயத் தொறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானேடா! எங்கயோ எழுதி வெச்சிட்டுப் போயிட்ட! என் தங்கச்சி அங்க தண்ணில மாட்டிக்கிட்டிருக்கா!"

"அத எடுத்துட்டியா?" என்றான். அப்புறம், "காண்டாவாத மச்சான். தங்கச்சி நம்பர லைன்ல போடு."

போட்டேன்.

"ம்மா, நான் உங்க அண்ணனோட வேல செஞ்சவன். மெர்சலாவாத. ஊட்ல உன்னாண்ட இன்னா இன்னா கீதுன்னு ஒண்ணொண்ணா சொல்லு."

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "டேய்! அங்க தண்ணி ஏறுது, நீ பட்டியல் கேக்கற!"

"மச்சான், நீ கொஞ்சம் கம்னு கெட. சொல்லும்மா. தண்ணி ஊட்டுக்குள்ள பூந்துச்சா?"

"இன்னும் இல்லண்ணா. கடைசிப் படில இருக்கு."

"கரண்டு கீதா?"

"இருக்கு."

"மெயினு எங்க கீது?"

"உள்ள, ஹால் சுவத்துல."

"தரை காஞ்சி கீதா? கையத் தொடச்சிக்கோ. மொதல்ல மெயின எறக்கு. எறக்கிட்டியா? செரி. கொழந்த பாலுக்கு இன்னா கீது?"

"பால்பவுடர் ஒரு டப்பா. பிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு."

"சோக்கா கீது. குடிக்கற தண்ணி?"

"ஒரு கேன். பாதி."

"போன்ல சார்ஜு?"

"நாப்பது."

"போதும். இப்ப கதவாண்ட போய் நில்லு. அங்க இன்னா இன்னா மாட்டிகீது, பாத்து சொல்லு."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவ என்ன கடையா வெச்சிருக்கா? கதவுல என்ன மாட்டியிருந்தா உனக்கென்னடா?" என்று கத்தினேன். தங்கை அழுகையை அடக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

"காலண்டர் இருக்கு. குடை. குழந்தையோட தொப்பி. ஒரு கட்டப்பை. ஒரு சாவிக்கொத்து..." நிறுத்தினாள். "அண்ணா. மாடிச் சாவி. ஹவுஸ் ஓனரு ரெண்டு பேரும் பையன் ஊருக்குப் போயிருக்காங்க. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. மறந்தே போச்சு."

"அப்ப போ. கொழந்த, பால் டப்பா, பிளாஸ்க்கு, போனு. அப்பால முடிஞ்சா தண்ணி கேனு. வேற எதையும் தொடாத. படி உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிய. ஆனா வாசல ஒட்டித்தான், கம்பி இருக்கு."

"கம்பியப் புடிச்சிக்கினே போ. போன வெக்காத, பையில போட்டுக்கோ."

அவள் ஏறும் சத்தத்தை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர், குழந்தையின் சிணுங்கல், எங்கேயோ தகரம் அடிபடுவது. அந்த நேரத்தில் அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், எடுத்தத திருப்பிப் போடு. இப்பவே போடு. உன்ன மாதிரியே இன்னும் எத்தினி பேரு பாத்துகினு இருப்பானுங்க."

போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், இருந்தாலும் போட்டேன். பக்கத்தைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. பத்துப் பன்னிரண்டு விநாடி. தங்கையின் தெருவைத் தட்டினேன். படம் கிட்டப் போய் நின்றதும் மேலே சிவப்பில் அந்த வரி வந்தது. அதே சமயம் போனில் பூட்டுத் திறக்கும் சத்தமும் கேட்டது. "வந்துட்டேன் அண்ணா, உள்ள வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். சார்ஜை மிச்சம் பிடிக்கச் சொல்லி அவன் அவளை வைக்க வைத்தான். மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ச் சேரும் வரை, அவளும் குழந்தையும் அந்த மாடியில்தான் இருந்தார்கள்.

அவன் இப்போது நகரத்தின் தெற்குப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் இருக்கிறான். போன வருடம் ஆவடி ஸ்டேஷன் எதிரே ஒரு பழச்சாறு கடையில் பார்த்தேன். பழங்கள் எல்லாம் அவன் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருக்க, கடைக்காரரிடம் என்னென்ன பழம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். வழக்கம்போல எரிச்சல்தான் முதலில் வந்தது.

ஆனால் அந்த மழை நாளில், தங்கை போனை வைத்த பிறகும் நாங்கள் இருவரும் லைனில் இருந்தோம். நன்றி என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. அந்த அமைதியில்தான் அவன் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீரில் மிதக்கும் பாத்திரம் ஒன்று சுவரில் மெதுவாக இடித்துக்கொண்டிருந்தது. நெடுநேரமாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"நீ எங்கடா இருக்க?" என்றேன்.

"ஊட்லதான். கட்டில் மேல குந்திகினு கீறேன்."

"அங்கயும் தண்ணியா?"

"முட்டிக்கு மேல கீது. காத்தாலேந்து."

"அட பாவி! அரை மணி நேரமா பேசறோம். ஒரு வார்த்த சொன்னியாடா?"

"நீ கேக்கலியே மச்சான்," என்றான். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. மெஸ்ஸில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல்தான். "செரி, வெச்சிடறேன். என்னாண்ட ரெண்டு பர்சன்ட்டுதான் கீது."